பள்ளிக் கல்விக்கான அரசுக் கொள்முதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வி சார்ந்த ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். தலைமையாசிரியர்கள், பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள், சப்ளையர்கள், சில சமயம் பெற்றோர் என்று பலரும் போனில் கேட்பவை இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். தொகை வரம்புகளை அரசு அவ்வப்போது மாற்றும் என்பதால், ஃபைல் போடும் முன் நடப்பு அரசாணையை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

1. பர்ச்சேஸ் செக்‌ஷன்னா சாமான் வாங்கிக் கொடுக்கிற வேலைதானே மேடம்?

வாங்குவது கடைசியில் நடப்பது. அதற்கு முன் என்ன வேண்டும், எத்தனை வேண்டும், எந்தத் தரத்தில் வேண்டும், பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் இருக்கிறது, யார் அனுமதி தர வேண்டும் என்று ஒவ்வொன்றும் எழுத்தில் முடிவாக வேண்டும். அப்புறம் டெண்டர், மதிப்பீடு, ஆணை, சரக்குச் சோதனை, பில், ஆடிட். எங்கள் மேசையில் இருப்பது முழுக்கக் காகிதம்தான். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு வரி விடுபட்டால், எங்கோ ஒரு குழந்தை மூன்றே மாதத்தில் பை கிழிந்து, புத்தகங்களைத் துணிக்கடைக் கவரில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகும்.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு அடிப்படை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் (அதாவது டெண்டர்கள்) வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-ஆம் ஆண்டில் வந்த அதன் விதிகளும். இரண்டையும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் படித்துவிடலாம். பிரிவில் பத்து வருடம் இருந்தும் படிக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். “முன்னாடி இப்படித்தான் செஞ்சோம்” என்று பழைய ஃபைலைப் பார்த்தே ஓட்டுவார்கள். பழைய ஃபைலில் இருக்கும் தப்பும் அப்படியே கூட வரும்.

2. இந்த வேலைக்கு எப்படி வர்றது? இதுக்குன்னு படிப்பு இருக்கா?

அரசு அலுவலகங்களில் பெரும்பாலும் தனிப் பதவி கிடையாது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 அல்லது குரூப் 2ஏ எழுதி அமைச்சுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பிரிவு ஒதுக்கும்போது இது வரும். கொள்முதல் நிபுணர் என்ற பெயரோடு ஆள் எடுப்பது உலக வங்கி போன்ற நிதியில் நடக்கும் திட்டங்களில்தான். அவை ஒப்பந்தப் பணிகள், வங்கியின் கொள்முதல் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பைவிட மூன்று பழக்கங்கள் உதவும். தெளிவாக ஒரு பக்கத்துக்குள் குறிப்பு எழுதுவது, எக்செல்லில் கூட்டல் கழித்தலை இரண்டாம் முறை சரிபார்ப்பது, கையெழுத்துப் போடும் முன் பொருளை நேரில் தொட்டுப் பார்ப்பது. மூன்றாவதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை.

3. புத்தகம், பை, யூனிஃபார்ம், சைக்கிள் எல்லாம் நீங்கதான் வாங்குறீங்களா?

இல்லை. பாடநூல், நோட்டு, பை, காலணி, கணித உபகரணப் பெட்டி, வண்ணப் பென்சில் போன்றவை தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் வழியாக வருகின்றன. 1970-இல் பாடநூலுக்காகத் தொடங்கிய நிறுவனம் அது. 2013-இல் பணி விரிந்தபோது பெயரும் நீண்டது. சீருடை சமூக நலத் துறை பக்கம். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைக்கின்றன. சைக்கிள் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறை. மடிக்கணினியை வாங்கியது தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்.

எனவே சைக்கிளில் செயின் கழன்றால் பாடநூல் கழகத்துக்குக் கடிதம் எழுதிப் பயனில்லை. எந்தப் பொருளானாலும் அதனுடன் வந்த ஆணையின் மேல்வரியில் துறையின் பெயர் இருக்கும். புகார் அந்தத் துறைக்குப் போக வேண்டும்.

4. ஸ்பெசிஃபிகேஷன் எழுத ரெண்டு வாரம் எதுக்கு? நெட்ல இருக்கிறதை எடுத்துப் போட்டா போதாதா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்வேன். சில வருடங்களுக்கு முன் ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு டெஸ்க், பெஞ்ச் வாங்கினோம். விவரக்குறிப்பை எழுதியது நான். நீளம், அகலம், இரும்புக் குழாயின் கனம், பிளைவுட்டின் தரம், பெயின்ட் எத்தனை கோட் என்பது வரை எழுதியிருந்தேன். உட்காரும் உயரத்தை எழுதவில்லை. சப்ளையர் தன்னிடம் இருந்த வழக்கமான அளவில் செய்து அனுப்பினார்; அது பெரிய வகுப்புப் பிள்ளைகளின் அளவு. பள்ளிக்குப் போனபோது ஒரு சிறுமி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, கால் கட்டைவிரலால் தரையை எட்டிப் பிடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள். விரல் வழுக்கும்போதெல்லாம் பென்சிலும் கோட்டைவிட்டு வழுக்கியது. ஆணையில் எழுதியபடி பார்த்தால் பொருள் சரி. திருப்பி அனுப்ப என் கையில் ஒரு காரணமும் இல்லை.

அதிலிருந்து, பிள்ளைகள் புழங்கும் எதை வாங்குவதானாலும் முதலில் அளவு டேப்போடு ஒரு பள்ளிக்குப் போய்விடுவேன். “தரமான”, “உறுதியான”, “நல்ல முறையில்” என்ற சொற்களை விவரக்குறிப்பில் எங்கே பார்த்தாலும் அடித்துவிடுங்கள். இவற்றை யாராலும் அளக்க முடியாது. அளக்க முடிந்ததை எழுதுங்கள். ஐ.எஸ். என்ற இந்தியத் தர எண்களைப் பாருங்கள்: பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303-ஆ, தண்ணீர் படும் இடமாக இருந்தால் ஐ.எஸ். 710-ஆ, எழுதும் தாள் என்றால் ஐ.எஸ். 1848. பை என்றால் துணியின் எடை, தையல், எத்தனை கிலோ தொங்கவிட்டு எத்தனை மணி நேரம் தாங்க வேண்டும் என்பது.

நெட்டில் இருந்து எடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அது பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனியின் விளம்பரத் தாள். அதை அப்படியே ஒட்டினால் அந்த ஒரே கம்பெனிதான் தகுதிபெறும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஆடிட் கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

5. அப்போ நல்ல பிராண்ட் பேரையே நேரா எழுதிடலாமே?

கூடாது. பெயரை எழுதினால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பொருளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று உங்களையே கேட்டு, அதை அளவாக மாற்றுங்கள். “இந்தப் பிரின்டர்தான் வேணும்” என்று ஒரு தலைமையாசிரியர் பிடிவாதமாக இருந்தார். காரணம் கேட்டால், பக்கத்து ஊரிலேயே சர்வீஸ் சென்டர் இருக்கிறதாம். நியாயமான தேவை. புகார் வந்த இரண்டு வேலை நாளுக்குள் பள்ளிக்கே வந்து பழுது பார்க்க வேண்டும் என்று நிபந்தனையில் எழுதினோம். பெயரே தேவைப்படவில்லை.

6. எப்பவும் எல்1-க்குத்தான் கொடுக்கணுமா? அதனாலதானே மட்டமான பொருள் வருது?

குறைந்த விலை கேட்டவரைத்தான் எல்1 என்கிறோம். ஆனால் யாருடைய விலையில் குறைந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு உறை முறையில் முதலில் தொழில்நுட்ப உறையை மட்டும் திறப்போம். தகுதி, அனுபவம், மாதிரிப் பொருளின் சோதனை என எல்லாவற்றிலும் தேறியவர்களின் விலை உறைதான் திறக்கப்படும். தேறாதவர் பாதி விலைக்குத் தருவதாக எழுதியிருந்தாலும் அந்த உறை திறக்காமலே கிடக்கும்.

ஆகவே மட்டமான பொருள் எல்1 ஆகிறது என்றால் ஓட்டை முதல் உறையில் இருக்கிறது. நாலாவது கேள்வியில் சொன்ன விவரக்குறிப்பு தளர்வாக இருந்திருக்கும், இல்லையென்றால் மாதிரியைச் சரியாகச் சோதித்திருக்க மாட்டார்கள். எல்1 விதியை எடுத்துவிட்டால் அதிகாரியின் விருப்பம் அந்த இடத்தில் வந்து உட்காரும். அது இதைவிட மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எல்1 விலையே சந்தை விலையைவிட அதிகமாக இருந்தால் அவருடன் பேசிக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது. எல்1-ஐ விட்டுவிட்டு எல்2, எல்3 ஆட்களைக் கூப்பிட்டுப் பேரம் பேசக் கூடாது.

7. எங்க ஸ்கூலுக்கு வந்த மானியத்துல வாங்கவும் டெண்டர் விடணுமா? மூணு கொட்டேஷன் போதாதா?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. திட்ட நெறிமுறைப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. செலவை முடிவுசெய்வது பள்ளி மேலாண்மைக் குழு. இந்த அளவுக்கு டெண்டர் வேண்டாம். குழுத் தீர்மானம், விலைப்புள்ளிகள், பில், இருப்புப் பதிவேட்டில் பதிவு ஆகியவை போதும்.

ஆனால் மூன்று கொட்டேஷனையும் ஒரே கடைக்காரரிடம் கொடுத்து “நீங்களே மத்த ரெண்டையும் வாங்கித் தந்துடுங்க” என்று சொல்லாதீர்கள். இது எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்று தாளும் ஒரே பிரின்டரில் அடித்து, மூன்றிலும் “பீரோ” என்பது “பிரோ” என்று இருந்த ஃபைலை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். குழுவில் இருக்கும் பெற்றோர் இருவரை நேராகக் கடைகளுக்கு அனுப்பி விசாரியுங்கள். அவர்கள் கொண்டுவரும் விலை பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

8. பில்லை ரெண்டாப் பிரிச்சுப் போட்டா லிமிட்டுக்குள்ள வந்துடுமே?

வரம்பைத் தாண்டாமல் இருப்பதற்காகவே பிரிப்பது விதிமீறல். 2017-ஆம் ஆண்டின் மத்திய பொது நிதி விதிகளிலும் இது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஒரே வாரத்தில், ஒரே கடையில், ஒரே பொருளுக்கு இரண்டு பில் என்றால் ஆடிட் ஆட்கள் முதலில் எடுப்பது அதைத்தான். ஜூனில் ஒரு முறை, பிள்ளைகள் கூடியதால் நவம்பரில் ஒரு முறை என்று உண்மையிலேயே தேவை வேறு வேறு நேரத்தில் வந்திருந்தால், அதை அப்போதே குறிப்பில் எழுதிவையுங்கள்.

9. ஜெம்ல வாங்கிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கதானே?

கேட்பார்கள். 2016-இல் வந்த மத்திய அரசின் ஜெம் என்ற ஆன்லைன் கொள்முதல் தளம் வாங்கும் வழியை எளிதாக்கியது. விலை நியாயமானதா என்று பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடமே இருக்கிறது. அங்கே போட்டிருக்கும் ஸ்டீல் பீரோ விலையை உள்ளூர்க் கடை விலையோடு ஒப்பிட்டு, அந்தத் தாளை ஃபைலில் கோத்துவையுங்கள். உங்கள் அலுவலகம் எந்தெந்தப் பொருளுக்கு அந்தத் தளத்தைப் பயன்படுத்தலாம் என்பது உங்கள் துறையின் ஆணையைப் பொறுத்தது.

10. ஒரே ஒரு டெண்டர்தான் வந்திருக்கு. கேன்சல் பண்ணிடணுமா?

ஒன்றுதான் வந்தது என்பதே ரத்து செய்யக் காரணம் ஆகாது. போதிய விளம்பரமும் கால அவகாசமும் கொடுத்தோமா, தகுதி நிபந்தனை அளவுக்கு மீறிக் கடுமையாக இருந்ததா, விலை நியாயமா என்று மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரி என்றால் காரணத்தை எழுதி ஏற்கலாம். “கல்வித் துறைக்கே ஐந்து வருடம் சப்ளை செய்திருக்க வேண்டும்” என்பது போன்ற நிபந்தனையால் மற்றவர்கள் ஒதுங்கியிருந்தால், அதைத் திருத்தி மறுபடி அழைப்பதுதான் முறை.

11. பேசி வெச்சு ரேட் போடுறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஏழாவது கேள்வியில் வந்த “பிரோ”தான் இங்கேயும் துப்பு. ஒரே எழுத்துப்பிழை, அடுத்தடுத்த எண்ணில் ஒரே வங்கி டி.டி., மூன்று கம்பெனிக்கும் ஒரே போன் நம்பர், எல்1-ஐவிட எல்2 சரியாக 3 சதவீதமும் எல்3 சரியாக 6 சதவீதமும் கூடுதல். போன வருடம் மேற்கு மாவட்டங்களில் எல்1 ஆனவர் இந்த வருடம் அங்கே போட்டியே போடாமல் தெற்கே மட்டும் வருவது.

இவை எல்லாம் சந்தேகத்துக்குக் காரணங்கள், நிரூபணம் ஆகாது. ஒப்பீட்டுப் பட்டியலோடு இந்தக் கவனிப்புகளையும் எழுதி மேலே அனுப்புங்கள். கூட்டுச் சேர்ந்து டெண்டர் விலையை வளைப்பது 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. இந்தியப் போட்டி ஆணையம் விசாரிக்கலாம். நீங்களே கூப்பிட்டு மிரட்டப் போகாதீர்கள். அடுத்த முறை வேறு எழுத்துருவில் அடித்துக்கொண்டு வருவார்கள்.

12. சாம்பிள் சூப்பரா இருந்தது. லோடு வேற மாதிரி வந்திருக்கு. இறக்கிட்டோமே, என்ன செய்ய?

லாரி எப்போதும் மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வரும். டிரைவர் அவசரப்படுவார், சலானில் “நல்ல நிலையில் பெறப்பட்டது” என்று கையெழுத்துக் கேட்பார். “எண்ணிக்கை மட்டும் பெறப்பட்டது, தரம் சோதனைக்கு உட்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் இறக்கிய பிறகும் நிராகரிக்க வழி உண்டு.

நோட்டுத் தாளைச் சோதிக்கக் குடோனிலேயே ஒரு வழி இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் சதுரமாக ஒரு அட்டை அச்சு வைத்திருக்கிறேன். பல கட்டுகளின் நடுவிலிருந்து எடுத்த நோட்டுகளில் பத்துத் தாள்களை அந்த அளவுக்கு வெட்டி, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசில் வைப்பேன். 60 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராம் எடையுள்ள தாள் என்றால் பத்துத் துண்டும் சேர்ந்து 6 கிராம். ஒரு முறை தராசு 5.2-இல் நின்றது. மேல் கட்டில் இருந்தவை மட்டும் 6 காட்டின. சப்ளையரின் ஆளும் என் பக்கத்தில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இது முதல் கட்டச் சோதனைதான். நிராகரிக்க வேண்டுமானால் இரு தரப்பும் கையெழுத்திட்டுச் சீல் வைத்த மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். டெண்டரில் ஏற்ற மாதிரிப் பொருளையும் அதே போலச் சீல் வைத்துக் கடைசி பில் முடியும்வரை பீரோவில் பூட்டிவையுங்கள். மாதிரியைத் தொலைத்துவிட்ட அலுவலகத்துக்கு வாதாட வாயே கிடையாது.

13. நான் சின்ன சப்ளையர் மேடம். டெபாசிட் எவ்வளவு கட்டணும், பணம் எப்ப வரும்?

டெண்டரோடு கட்டும் முன்வைப்புத்தொகை பொதுவாகக் கொள்முதல் மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகாது. ஆணை கிடைத்தால் கட்டும் பிணைத்தொகை 5 சதவீதத்துக்குள். யாருக்கு விலக்கு என்பது டெண்டர் ஆவணத்தில் இருக்கும், குறு, சிறு நிறுவனப் பதிவுக்கான உத்யம் சான்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலாக 2.5 லட்சத்துக்கு மேல் போனால் பில்லில் 2 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தம் உண்டு. அந்தப் பணம் உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் வரவாகும், தொலைந்துபோகாது.

குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இந்த விதியை எங்கள் பிரிவுகளில் பலர் மறந்துவிடுகிறார்கள், அது தவறு. பணம் தாமதமாகும் என்று தெரிந்தால் நல்ல சப்ளையர்கள் ஒதுங்கிவிடுவார்கள், அல்லது அந்தத் தாமதத்தையும் விலையில் ஏற்றிவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம் அப்படித்தான் கரைகிறது.

14. டெண்டர்ல என்னை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. யார்கிட்ட போறது?

டெண்டரை ஏற்பது பற்றிய ஆணை உங்கள் கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளிகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு இடம் தருகிறது. பத்து நாள் சீக்கிரம் ஓடிவிடும், ஆணை கிடைத்த தேதியைக் குறித்துவையுங்கள். ஒப்பந்தம் முடிவான பிறகு ஒப்பீட்டுப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறலாம். நான் பார்த்தவரை நிராகரிப்பில் பாதி, ஒரு சான்றிதழைப் பதிவேற்ற மறந்ததாலோ காலாவதியான சான்றை வைத்ததாலோதான். கடைசி நாள் மதியம் உட்கார்ந்து பதிவேற்றாதீர்கள்.

15. மேல இருந்து “இவங்களுக்குக் கொடு”ன்னு வாயால சொன்னா என்ன பண்றது?

இந்தக் கேள்வியைப் பிரிவுக்குப் புதிதாக வந்தவர்கள் தனியாகக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் கேட்பார்கள். முதலில், மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்: “குறிப்பில் எழுதிக் கையெழுத்திட்டால் அதன்படி சமர்ப்பிக்கிறேன் சார்.” பத்தில் எட்டு முறை பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிற்காவிட்டால், நடந்த பேச்சை நீங்களே குறிப்பில் பதியுங்கள்: இன்ன தேதியில் நடந்த கலந்தாலோசனையில் இவ்வாறு அறிவுறுத்தப்பட்டது, ஆனால் விதி இவ்வாறு சொல்கிறது, எனவே ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது. கோபமோ குற்றச்சாட்டோ வேண்டாம், விதி எண்ணும் உண்மையும் போதும். ஐந்து வருடம் கழித்து விசாரணை வந்தால் அன்று யார் போனில் பேசினார் என்று யாருக்கும் நினைவிருக்காது. உங்கள் இனிஷியல் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கும். பணமாகவோ பொருளாகவோ யாராவது நீட்டினால் அது வேறு விஷயம். ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகத்துக்கு நேராகப் போங்கள்.

இடமாறுதல் வருமா என்றால், வரலாம். எனக்கு ஒரு முறை வந்தது. திரும்பவும் இந்தப் பிரிவுக்கே வந்தேன்.

16. ஜூன்ல ஸ்கூல் திறக்குது. மார்ச்ல ஃபைல் போட்டா வாங்கிட முடியாதா?

பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். 2 கோடிக்கு மேற்பட்ட டெண்டருக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் என்றால் 15 நாள். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதியும் காரணமும் வேண்டும். அதற்கு முன் விவரக்குறிப்பும் நிதி ஒப்புதலும், அதற்குப் பின் மாதிரிச் சோதனை, விலை உறை, ஆணை, உற்பத்தி. கடைசியாக, 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் மலைமேல் இருப்பதற்கும் பொருள் போய்ச் சேர வேண்டும். தேர்தல் வருடமாக இருந்தால் நடத்தை விதிகள் வந்து புதிய டெண்டரே நின்றுவிடும். மார்ச்சில் ஃபைல் வந்தால் பொருள் காலாண்டுத் தேர்வு சமயத்தில்தான் வரும். அவசரம் என்று சொல்லி எட்டாவது கேள்வியில் சொன்ன குறுக்கு வழிக்கு எல்லோரும் போவதும் அப்போதுதான்.

அதனால்தான் தீபாவளியை ஒட்டியே தேவைப் பட்டியல் கேட்டு உங்கள் பள்ளிகளுக்குக் கடிதம் வருகிறது. போன வருடத் தாளைப் பார்த்து அப்படியே எழுதாமல், வகுப்புவாரியாக இன்றைய எண்ணிக்கையை எண்ணி எழுதுங்கள். காலணி என்றால் ஒவ்வொரு பிள்ளையின் காலையும் ஜூனில் இருக்கப்போகும் அளவுக்குக் கொஞ்சம் கூட்டி அளந்து எழுதுங்கள். பட்டியல் நவம்பர் மாதக் கடைசிக்குள் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.